மதிலடியில் வைத்த செம்பு

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பற்றி என்னோடு வாதாட வராதீர்கள். முப்பத்திரண்டு வருடம் அதுதான் எனக்குச் சோறு போட்டது. முக்காலியில் லெவல் கருவியைப் பூட்டி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, எதிரே ஒருவர் பிடித்திருக்கும் அளவுத்தடியை வாசித்து, இந்த இடம் அந்த இடத்தைவிட இத்தனை அங்குலம் பள்ளம் என்று எழுதிவைக்கிற தொழில். பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். "இவருக்குச் சாமியும் அந்தக் குமிழிதான், தேவாரமும் அந்தக் குமிழிதான்" என்று என் மனைவி யோகம், வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காகவாவது கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நம்பாவிட்டாலும் கோபிக்கமாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நானும் யோகமும் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து மூன்று வருடம் நிறையவில்லை. அப்போது இங்கே கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் இன்று கோபுரம் நிற்கிற இடம் அன்று வெறும் காடு. வீதி வேலைகள் பார்க்கிற அலுவலகம் ஒன்றில் எனக்கு நில அளவை வேலை, மாதத்தில் பாதி நாள் எங்காவது உள்நாட்டில் கூடாரத்தில் கிடப்பேன். அப்படி ஒருமுறை மழை வெள்ளத்தில் பாதை அறுந்து பத்து நாள் வெளியே வரமுடியாமல் கிடந்து, ஒருவழியாக வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது யோகம் தந்தியை நீட்டினாள். அப்பா செத்து எட்டு நாளாகியிருந்தது. நான் ஒரே மகன். அக்காவின் புருஷன் கொள்ளி வைத்திருந்தார். நான் அழவில்லை, கதிரையில் இருந்து மற்றச் சப்பாத்தையும் கழற்றினேன், அவ்வளவுதான். 

ஒரு வருடம் கழித்து ஆட்டைத் திவசமும் நான் இல்லாமலே நடந்தது. அதன்பிறகு அம்மாவிடமிருந்து ஒரு நீலக் கடிதம் வந்தது. "கடைசியில தண்ணி தண்ணி எண்டு கேட்டவர், வாயில விட்டது உள்ள இறங்கேல்லை. கொள்ளிதான் உன்ர கையால இல்லை. ஆடி அமாவாசைக்கெண்டாலும் எள்ளும் தண்ணியும் இறைச்சுவிடு ராசா, அந்த மனுசன் தாகத்தோட நிக்கப்போறார்." அமாவாசை எந்தத் திகதி என்பதையும் அடியில் எழுதியிருந்தார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொன்னேன் அல்லவா, ஆனால் அந்தக் கடிதத்தை நான் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்பாவுக்கு ஒரு வாய் தண்ணீர் போய்ச் சேரவேண்டும். வேறு எதுவும் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் மாலை யோகம் குசினிக்குள் எள்ளுப் புடைத்துக்கொண்டே கேட்டாள். சீனக் கடையில் தேடி வாங்கிய கறுத்த எள்ளு.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு லீவு போடேலாதோ?"

"ஏலாது. ஆத்தங்கரையிலதான் வேலை, மத்தியானம் அங்கயே செய்வன்."

"மந்திரம்?"

"பேரைச் சொல்லித் தண்ணி விடுவன். அப்பாவுக்கு என்னைத் தெரியாதோ?"

அவள் எள்ளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, சாமி அறைப் பித்தளைச் செம்பையும் புளி போட்டு விளக்கி என் பைக்குள் வைத்தாள்.

வேலை நடந்த இடம் சிட்னிக்கு வடக்கே, ஹாக்ஸ்பரி ஆற்றின் வடகரை. பாதைப் படகில் ஜீப்பை ஏற்றி அக்கரைக்குப் போகவேண்டும். அங்கே மலையைக் குடைந்து மேலே ஏறும் ஒரு பழைய வீதி இருக்கிறது, அதைத் தாங்கிக்கொண்டு ஆளுயரத்தில் மூன்று மடங்கு ஒரு கல் மதில். மழைக்கு வீதி அரித்துப்போனதால் அந்த மதிலை ஓர் இடத்தில் துளைத்து வடிகால் குழாய் போடப்போகிறார்கள், எந்த இடத்தில் என்று அளந்து முளை அடித்துக் கொடுப்பது என் வேலை. அளவுத்தடி பிடிக்க என்னோடு வந்தவர் கெவின். ஐம்பது தாண்டிய, நெடிய, பேச்சுக் குறைந்த மனிதர். தடியைப் பிடித்தால் சுவரில் அடித்த ஆணிபோல் நிற்பார். அவர் கை ஆடி நான் பார்த்ததேயில்லை, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீப்பில் போகும்போது அவராகத்தான் சொன்னார், அந்த வீதியை வெட்டியவர்கள் கைதிகள் என்று. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் துணி திருடினான், ஆடு திருடினான் என்று பிடித்து, ஏழு வருடம், பதினான்கு வருடம், ஆயுள் முழுக்க என்று தீர்த்து, மாதக்கணக்கில் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தவர்கள். இங்கே வந்தும் குழப்படி செய்தவர்களின் காலில் இரும்பு மாட்டி இந்த மலையில் கல் வெட்ட விட்டார்களாம். நான் வாய் சும்மா இராமல், "உங்கள் குடும்பத்திலும் யாராவது அப்படி வந்தவர்களா?" என்று கேட்டுவிட்டேன். கெவின் முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்தார். இன்றைக்கு இங்கே வெள்ளைக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள், அன்றைக்கு அப்படியில்லை. ஒருவரிடம் அதைக் கேட்பது கன்னத்தில் அறைவது மாதிரி என்று எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

காலை முழுக்க அளந்தோம். மதிலின் அடியில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு பாறைத் திட்டு இருந்தது. மதிலடியிலிருந்து திட்டின் விளிம்பு வரை இருபது அடி, அந்த இருபது அடிக்கும் ஒன்பது அங்குலம் ஆற்றுப்பக்கம் சரிவு. எல்லாம் மீற்றருக்கு மாறிக்கொண்டிருந்த காலம், புத்தகத்தில் மீற்றரில் எழுதினாலும் மனதுக்குள் எனக்கு அடியில்தான் ஓடும். கீழே ஆற்றோரம் முழுக்கச் சேறு, இறங்க வழியில்லை. அதனால் இந்தத் திட்டையே தெரிந்தெடுத்தேன். இங்கே விடுகிற தண்ணீர் விளிம்பால் வழிந்து ஆற்றில்தான் விழும், அதற்கு என் கையெழுத்தே சாட்சி. சிரிக்காதீர்கள், அப்பாவின் காரியத்தையும் நான் லெவல் பார்த்துத்தான் செய்தேன்.

நல்ல வெயில், ஆனால் குளிர். இங்கே ஆடி மாதம் பனிக்காலம் அல்லவா. சட்டையைக் கழற்றி, திருநீறு பூசி, காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு, மதில் முதுகுப்பக்கம் இருக்க ஆற்றைப் பார்த்து, அதாவது தெற்கே பார்த்துத் திட்டின் விளிம்போரம் குந்தினேன். கெவின் ஐம்பது அடி தள்ளி, அதே விளிம்போரம் முக்காலிக்குப் பக்கத்தில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டார். உள்ளங்கையில் எள்ளை வைத்து, செம்புத் தண்ணீரை வார்த்து, அப்பாவின் பெயரைச் சொல்லி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால் வழியவிட்டேன்.

தண்ணீர் பாறையில் விழுந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு பின்னால் போனது.

என் இடது குதிக்காலை நனைத்துக்கொண்டு போனதால்தான் கவனித்தேன். கை பிசகிவிட்டது என்று நினைத்து மறுபடி அப்பாவின் பெயரைச் சொல்லி நன்றாக முன்னால் எட்டி விட்டேன். அதுவும் பாறையில் ஒரு கணம் தயங்கி, திரும்பி, என் காலடியால் ஊர்ந்து பின்னுக்குப் போனது. எழுந்து திரும்பிப் பார்த்தேன். விரல் தடிப்பில் ஒரு கோடு, அதில் கறுத்த எள்ளுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மதிலின் அடிக்கல் ஒன்றுக்கு முன்னால் போய் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வட்டமாகப் பரந்து நின்றது. காற்றில்லை. பாறை வழுவழுப்பான பாறை. ஒன்பது அங்குலம் ஏறிப் போயிருக்கிறது தண்ணீர்.

பயம் வந்திருக்கவேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு வந்தது கோபம். "இது என்ர அப்பான்ர தண்ணியடா!" என்று மதிலைப் பார்த்துக் கத்தினேன். அந்த மலையில் அதற்கு முன்னால் யாரும் தமிழில் கத்தியிருக்கமாட்டார்கள். கத்திய கையோடு எனக்கு அழுகை வந்துவிட்டது. தந்தி வந்த நாளில் வராத அழுகை, பதினைந்து மாதம் பிந்தி, சட்டையில்லாமல், சான்ட்விச் சாப்பிடுகிற ஒரு வெள்ளைக்காரருக்கு முன்னால்.

அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. ஊரில் ஆடி அமாவாசைக்கு அப்பாவோடு போகிற கீரிமலைத் தீர்த்தக்கரையில் குருக்கள் எல்லோருக்கும் பெயர் சொல்லித் தண்ணீர் விடச் செய்த பிறகு, கடைசியாகப் பெயரே சொல்லாமல் ஒரு கை விடச் சொல்லுவார். பிள்ளையில்லாமல், இனசனம் இல்லாமல், வழியில் வாய்க்காலில் செத்துப்போனவர்களுக்கு. அப்பா அந்தக் கையை அவசரமில்லாமல் விடுவார். எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது.

நான் ஒருத்தன், என் விருப்பத்தில், விசா எடுத்து, விமானத்தில் வந்தவன். எனக்கே அப்பனின் சிதையடிக்குப் போய்ச் சேர முடியவில்லை. இந்தக் கல்லை வெட்டியவர்களுக்கும் எங்கோ ஓர் அம்மா இருந்திருப்பாள். மகன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமலே அவளும் போய்ச் சேர்ந்திருப்பாள். இங்கே செத்தவனுக்கு யார் என்ன செய்தார்கள்? பெயராவது எழுதினார்களா? இதையெல்லாம் நான் அப்போதே இவ்வளவு ஒழுங்காக நினைத்தேன் என்று சொன்னால் பொய். மறுபடி குந்தினேன், கடைசியில் விடவேண்டிய கையை முதலில் விட்டேன். "ஆருமில்லாத ஆக்களுக்கு" என்று மட்டும் சொன்னேன். அந்தத் தண்ணீரும் முன்னையதைப்போல மதிலடிக்கே போனது.

பிறகு எள்ளெடுத்து, அப்பாவின் பெயரைச் சொல்லி விட்டேன். மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் முன்னால் ஓடி, நான் எழுதிவைத்த சரிவின்படி, விளிம்பால் ஆற்றுக்குள் இறங்கியது.

செம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை அந்த ஈர வட்டத்துக்குப் பக்கத்தில், மதிலடியில் வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டேன். 

தொழில் புத்தி விடவில்லை. திட்டை இன்னொரு முறை அளக்கவேண்டும் என்று கெவினிடம் சொன்னேன். அவர் தடியை எடுத்துக்கொண்டு போய்த் திட்டின் நடுவில், மதிலுக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து நின்றார். செம்பு அவருக்குப் பின்னால். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். கண்ணை வைத்துப் பார்த்தால் தடியும் தலைகீழ், அதைப் பிடித்த கெவினின் கையும் தலைகீழ், அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இலக்கத்தை வாசிக்க முடியவில்லை. "ஆட்டாமல் பிடியுங்கள் கெவின்" என்று கத்தினேன். தடி ஆடுவதை நிறுத்தவில்லை. ஒரு நிமிடம் இருக்கும், பிறகு தானாக நின்றது. வாசித்தேன். காலையில் எழுதிய அதே இலக்கம், ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

போய்ச் செம்பை எடுத்தேன். காலி. சாய்ந்து கொட்டியிருக்கவில்லை, வைத்த மாதிரியே நிமிர்ந்து நின்றது, பாறை காய்ந்திருந்தது. விளிம்பில் மஞ்சள் கல்தூளில் பிறைபோல ஓர் அடையாளம். கீழுதட்டு அடையாளம்.

உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, எங்கள் வீடுகளில் செம்பில் யாரும் வாய் வைப்பதில்லை. அண்ணாந்து வார்த்துத்தான் குடிப்போம். அதுவும் அப்பாவின் காரியத்துக்குக் கொண்டுவந்த செம்பு. அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர். "நீங்கள் இதில் குடித்தீர்களா?" என்று கேட்டேன். கெவின் செம்பைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "இல்லை" என்றார். என் புத்தி போன போக்கைப் பாருங்கள், தண்ணீர் மேட்டுக்கு ஏறியதை என் கண்ணால் பார்த்தவன், அந்த மனிதர் 'இல்லை' என்றதை நம்பவில்லை. குடித்துவிட்டு மறைக்கிறார் என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

ஆனால் ஒன்று செய்தேன். குழாய்க்கு நான் காலையில் குறித்திருந்த இடம் சரியாக அந்த அடிக்கல்தான். அதைப் பன்னிரண்டு அடி கிழக்கே தள்ளி வைத்து, புத்தகத்தில் 'உள்ளே கடும்பாறை' என்று எழுதினேன். நான் உள்ளே தோண்டிப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது. கெவின் புது இடத்தில் முளையைத் தானே அடித்தார். குழாய் அங்கேதான் போனது, அந்தக் கல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதன்பிறகு நானும் கெவினும் வேலைக்கு வேண்டிய அளவுதான் பேசிக்கொண்டோம். மூன்று வருடம் அப்படியே போனது. அவர் ஓய்வுபெறும்போது அலுவலகத்தில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். முடிகிற நேரம் என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

"சிவா, அன்றைக்கு என் கை ஏன் ஆடியது என்று நீ கேட்கவேயில்லை."

"நீங்கள் குடித்துவிட்டுச் சொல்லாமல் விட்டீர்கள் என்று நினைத்தேன்."

"நான் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நீயே பார்த்துக்கொண்டிருந்தாய். எப்படிக் குடிப்பேன்?"

உண்மைதான். நான்தான் கண்ணாடிக்குள்ளால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சின்னக் கணக்கு மூன்று வருடமாக எனக்கு வரவில்லை என்றால் கோபம் எப்படிப்பட்ட குருடு என்று பாருங்கள்.

"எனக்குப் பின்னால் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது," என்றார். "மடக் மடக்கென்று. நாள் முழுக்க வெயிலில் வேலை செய்தவன் குடிப்பான் அல்லவா, அப்படி. குடித்து முடிந்ததும் ஒரு மூச்சு விட்ட சத்தம். பிறகு செம்பைக் கல்லில் வைக்கிற சத்தம், மெதுவாக, உடைந்துவிடக்கூடாது என்கிற மாதிரி. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை."

 பிறகு அவர்கள் வீட்டு வேதாகமத்தைப் பற்றிச் சொன்னார். பிறந்தவர்கள் செத்தவர்களை எல்லாம் எழுதிவைக்கிற முதல் பக்கம் அதில் கிழிக்கப்பட்டிருக்கிறதாம். யார் கிழித்தது என்று யாரும் சொல்வதில்லை, ஏன் கிழித்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் முதலாவதாக இருந்தவர் ஆற்றுக்கு வடக்கே காலில் இரும்போடு கல் வெட்டினவர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

"நீ அன்றைக்கு யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய்?" என்று கேட்டார்.

"முதலில் என் அப்பாவை. பிறகு பெயர் சொல்லாமல் ஒரு கை விட்டேன்."

"எங்கள் ஆளுக்கும் பெயர் இல்லை," என்றார் கெவின். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன், அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவரும் இப்போது இல்லை. ஆடி அமாவாசையில் அவருக்கும் ஒரு கை விடுகிறேன், அவருக்காவது பெயர் தெரியும்.

செம்பின் கதையைச் சொல்லவேண்டும். அன்று மாலையே யோகம் அதைப் புளி போட்டு விளக்கினாள், அடையாளம் போய்விட்டது. காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தாள். அடுத்த ஆடி அமாவாசைக்கு எடுத்துப் பிரித்தபோது விளிம்பில் அதே இடத்தில் பிறையளவு மங்கியிருந்தது. "பித்தளை எண்டால் மங்கும்தானே" என்றேன். "மற்ற இடமெல்லாம் பளபளக்குது, அங்க மட்டும் ஏனப்பா மங்குது?" என்றாள். நான் அதற்கும் ஏதோ விஞ்ஞானம் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் அவள் விளக்குவாள், ஒவ்வொரு வருடமும் வரும். பழகிப்போய்விட்டது.

இந்த வருடம் எனக்கு முழங்கால் நோ, குந்த முடியாது. எழுபதைத் தாண்டி எட்டு வருடமாகிறது, போதும், இந்த முறை விட்டுவிடுவோம் என்று அமாவாசைக்கு முதல் நாள் யோகத்திடம் சொல்லிவிட்டேன். அவளும் சரியென்றாள். மறுநாள் காலை வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற எங்கள் மகள் வந்திருந்தாள். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்னதில்லை. அலமாரியில் எதையோ தேடியவள் காகிதச் சுற்றைப் பிரித்துச் செம்பைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் விரலை வைத்தாள். விரலைப் பார்த்தாள்.

"அப்பா, இதில யார் வாய் வைச்சுக் குடிச்சது?" என்றாள். "இன்னும் ஈரமா இருக்கு."

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி, எள்ளு எங்கே என்று கேட்டேன். போன ஆடியில் அந்தச் செம்பைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, அலமாரியில் வைத்தது நான்தான்.